ஹாம்பர்க் நகரின் அமாலி அம்மையார்

தபால்தலை சேகரிக்கும் பழக்கமுள்ள தோழியர் நம் பள்ளியில் பலர் உண்டு. அவர்களில் யாரிடமாவது 1955-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி வெளியிட்ட "மனித குலத்திற்கு உதவியோர்" வரிசை இருக்குமானால், அதை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அதில் நான்கு பேருடைய முகங்கள் இருக்கும். தொழிலாளர்களின் தோழரான முத்திப்பேறு பெற்ற அடால்ஃப் கோல்பிங் அடிகளாரை நாம் அறிவோம். விளக்கேந்திய மங்கை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைத் தெரியாதவர் இல்லை. ஹோமியோபதி மருத்துவத்தைக் கண்ட ஹானிமனையும் பலர் கேள்விப்பட்டிருப்பர். நான்காவது முகம் ஒரு பெண்மணியுடையது. அமாலி சீவெக்கிங் என்பது அவர் பெயர். அந்தத் தலைகள் தபால் கட்டணத்திற்கு மேல் சில பென்னிகள் கூட்டி விற்கப்பட்டன. கூடுதல் காசு ஏழைகளின் நலனுக்குப் போயிற்று. இந்த அம்மையாரின் முகத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திராது.

எல்பே ஆற்றங்கரையிலுள்ள ஹாம்பர்க் பெரிய துறைமுக நகரம். மார்ட்டின் லூத்தரின் சபையைச் சேர்ந்த வணிகர்கள் அதை ஆண்டு வந்தனர். லுத்தரன் சபை நம் நாட்டுக்கும் அந்நியமன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று அச்சுக்கூடம் கண்ட சீகன்பால்கு ஐயர் அச்சபையினரே. அந்த ஹாம்பர்க்கில் 1794 ஜூலை 25-ஆம் நாள் அமாலி பிறந்தார். தந்தை வணிகர், நகர மன்ற உறுப்பினர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினைந்து வயதை எட்டும் முன்னோ பின்னோ, 1809-இல், தந்தையும் மறைந்தார். நெப்போலியன் ஆங்கில வாணிபத்துக்கு ஐரோப்பாவின் கதவுகளை அடைத்திருந்த காலம் அது. கப்பல்களை நம்பிப் பிழைத்த நகரத்தில் பல குடும்பங்கள் நொடித்துப் போயின. சீவெக்கிங் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொத்தென்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. சகோதரர் ஒருபுறம், அமாலி ஒருபுறமாகப் பிரிந்தனர். இவர் உறவுக்காரரான ஒரு விதவை அம்மாளின் வீட்டுக்கு, நோயுற்றிருந்த அவருடைய மகனைக் கவனித்துக்கொள்ளும் துணையாகச் சென்றார். மகன் இறந்த பின்னும் அந்தத் தாயின் வளர்ப்பு மகளாகவே அங்கே தங்கிவிட்டார்.

தாய் தந்தையரற்ற, சீர்வரிசை இல்லாத, பேரழகி என்று யாரும் சொல்லாத ஒரு பெண். அந்நாளில் அவருக்கு முன் இருந்த வழிகள் எத்தனை? திருமணம் ஒன்று. அது இல்லையேல் உறவினர் வீட்டு மூலையில் தையல் ஊசியோடு முதுமை வரை காத்திருத்தல். கத்தோலிக்கப் பெண்ணாக இருந்திருந்தால் மூன்றாவதாகக் கன்னியர் மடம் இருந்திருக்கும். லூத்தரின் சீர்திருத்தம் மடங்களின் பழைய வாழ்வை முடித்துவிட்டிருந்ததால் அந்த வாசலும் அமாலிக்கு இல்லை. இதைப் படிக்கும் நம்மில் சிலருக்கு இந்தக் கேள்வி வேறு உருவில் வீட்டிலேயே எழுந்திருக்கலாம். ஆகவே அவர் இதற்கு எப்படி விடை கண்டார் என்பதைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறோம்.

முதல் விடை கல்வி. பத்தொன்பது வயதுக்குள்ளாகவே சில சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லத் தொடங்கினார். தமக்குச் சிறு வயதில் கிடைத்த படிப்பு மனத்தை நிரப்பவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அந்தக் குறையே ஆசிரியராக்கியது போலும். ஒரு கூட்டம் வளர்ந்து சென்றதும் அடுத்த கூட்டம் வரும். வாழ்நாள் முழுவதும், மற்ற எத்தனை பொறுப்புகள் வந்தபோதும், இந்த வகுப்புகளை அவர் விடவில்லை.

1817-இல் அவர் உயிராய் நேசித்த சகோதரர் குஸ்டாவ், இறையியல் மாணவராக இருக்கும்போதே இறந்தார். அந்தத் துயரம் அமாலியின் விசுவாசத்தை உலுக்கியது. அதுவரை கேட்டிருந்த வறண்ட போதனைகள் ஆறுதல் தரவில்லை. விவிலியத்தைத் தாமே ஆழ்ந்து வாசிக்கலானார். தாமஸ் கெம்பிஸ் எழுதிய, நாமும் நன்கறிந்த, கிறிஸ்து அநுசார நூலும் அவருக்குத் துணையாயிற்று. 1823-இல் தம் விவிலியச் சிந்தனைகளைப் பெயர் போடாமல் ஒரு நூலாக வெளியிட்டார். வேதத்தை விளக்க ஒரு பெண் எழுதுகோல் எடுப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

இதே ஆண்டுகளில் அவர் உள்ளத்தில் ஒரு கனவு வேரூன்றியது. புனித வின்சென்ட் தெ பவுல் நிறுவிய பிறரன்புக் கன்னியரைப் பற்றி அறிந்து, அத்தகைய சகோதரிகள் குழு ஒன்று தம் சபையிலும் பிறக்க வேண்டும், அதைத் தாம் தொடங்க வேண்டும் என்று ஏங்கினார். பல ஆண்டுகள் இந்த ஏக்கத்தைச் சுமந்தார். நம் சபையின் விளக்கிலிருந்து ஒரு லுத்தரன் பெண் தம் திரியைக் கொளுத்திக்கொள்ள விரும்பினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1831 இலையுதிர் காலத்தில் ஹாம்பர்க்கில் காலரா நுழைந்தது. ஐரோப்பாவுக்கு அது புதிய நோய். எப்படிப் பரவுகிறது என்று மருத்துவருக்கும் தெரியாது. குடிதண்ணீர் வழியே வருகிறது என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. (அதே நகரம் பாடம் கற்காமல் 1892-இல் மீண்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் காலராவுக்குக் கொடுத்தது தனிக் கதை.) வசதியுள்ளவர்கள் வீடுகளை அடைத்துக்கொண்டனர். முப்பத்தேழு வயது அமாலி, தம்மோடு நோயாளிகளைப் பேண வருமாறு பத்திரிகை வாயிலாகப் பெண்களை அழைத்தார். தம் கனவு இப்போது உருவெடுக்கும் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். ஒருவர் கூட வரவில்லை.

தனியே சென்றார். புனித எரிகுஸ் காலரா மருத்துவமனையில், நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இங்கென்ன வேலை என்று முதலில் சந்தேகத்தோடு பார்த்தனர். வாந்தியும் பேதியுமாய்க் கிடந்தவர்களைத் துடைத்து, உடை மாற்றி, இரவு கண்விழித்து, இறப்போரின் அருகிருந்து அவர் வேலை செய்ததைக் கண்ட மருத்துவர்கள், பணியாளர் அனைவரையும் மேற்பார்வையிடும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். நோய் தணியும் வரை வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார். வெளியே வந்தபோது நகரமே அவர் பெயரை அறிந்திருந்தது.

மருத்துவமனையில் அவர் கண்ட ஒன்று நெஞ்சைவிட்டு அகலவில்லை. பிழைத்த ஏழை வீடு திரும்புகிறான். வீட்டில் விறகில்லை, கஞ்சியில்லை, படுக்க உலர்ந்த துணியில்லை. நோய் போயிற்று, ஆனால் நோயை விடக் கொடியது வாசலிலேயே காத்திருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

1832-இல், தாமும் தோழியர் பன்னிருவருமாக, ஏழைகளையும் நோயாளிகளையும் பேணும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். மடம் கட்டும் கனவு ஒரு பக்கம் இருக்க, வீட்டிலிருந்தபடியே, குடும்பக் கடமைகளோடு செய்யக்கூடிய பணி இது. ஏழைகளைப் பார்க்கும் நகர மருத்துவர்கள் நோயாளி உள்ள குடும்பங்களை அறிவிப்பார்கள். சங்கத்துப் பெண்கள் அந்த வீடுகளுக்கு முறை வைத்துச் செல்வார்கள். வேலைக்காரியிடம் கூடையைக் கொடுத்தனுப்புவது போதாது, தாமே படியேறிப் போக வேண்டும் என்பது அமாலியின் கண்டிப்பு. பட்டுடை உரசக் கூசும் குறுகிய சந்துகள், கப்பல்துறைக்கருகே ஈரம் ஊறிய நிலவறைகள், கைப்பிடியில்லாத மரப்படிகள்: அந்த மாதர் அதுவரை தம் ஊரிலேயே காணாத ஊர் அது. பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி வந்து, வாரந்தோறும் கூடி, எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று பேசி முடிவு செய்தனர்.

காசாகக் கொடுப்பதைக் கூடிய மட்டும் தவிர்த்தனர். உணவுக்குச் சீட்டு, குளிருக்கு எரிபொருள், உடுக்கத் துணி, படுக்க விரிப்பு, நோயாளிக்கு ஏற்ற ஆகாரம் என்று பொருளாகவே உதவி சென்றது. வட ஜெர்மனியின் பனிக்காலத்தைப் பற்றி நாம் புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அங்கே ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் என்பதை மார்கழிக் குளிருக்கே போர்வை தேடும் நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட நம்மைக் கவர்ந்தது வேறொன்று. கொடுப்பதோடு நிறுத்தாமல், வாங்குகிறவர்களுக்கு வேலை தேடித் தந்தனர். வேலையற்ற ஆண்களுக்குக் கைக்கு எட்டிய சிறு வேலைகள். பெண்களுக்கு நூலும் துணியும் கொடுத்து, பின்னலும் தையலும் செய்யச் சொல்லி, கூலி கொடுத்தனர். உண்டாக்கிய பொருளை விற்றுப் பணமாக்கினர். இரக்கத்தால் கிடைக்கும் சட்டையைவிடத் தான் தைத்துச் சம்பாதித்த சட்டை முதுகை நிமிர்த்தும் என்பதை இந்தப் பணக்கார வீட்டுப் பெண்கள் எப்படியோ கண்டுகொண்டனர். நம் தையல் வகுப்பில் பொத்தான் துளைக்கு முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

கணக்கு விஷயத்தில் அம்மையார் மிகவும் கறார். ஆண்டுதோறும் சங்கத்தின் அறிக்கையைத் தாமே எழுதி அச்சிட்டு வெளியிட்டார். எவ்வளவு வந்தது, எங்கே போனது, எதில் தோற்றோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அறிக்கைகளைப் படித்துவிட்டு ஜெர்மனியின் மற்ற நகரங்களிலும் பெண்கள் இதே போன்ற சங்கங்களைத் தொடங்கினர். பொதுக் காரியத்தில் பெண் வாய் திறப்பதே தவறென்ற காலத்தில், பெண்களே கூடி, பெண்ணையே தலைவியாக வைத்து, பணத்தையும் தாமே நிர்வகித்தது சாதாரணமன்று. ஏழைகளுக்கு எவ்வளவு நன்மையோ, அவ்வளவு நன்மை சங்கத்துப் பெண்களுக்கும் உண்டு என்று அவர் நம்பினார். மணமாகாத பெண்ணின் வாழ்வு வீணான வாழ்வல்ல என்பதற்கு அச்சங்கமே அவருடைய பதில்.

குறை சொல்லவும் இடமுண்டு, அதையும் மறைக்க வேண்டாம். உதவி பெறும் குடும்பம் ஒழுக்கமாக இருக்கிறதா, கோயிலுக்குப் போகிறதா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார்கள். ஏழைக்கு அது உறுத்தியிருக்கும். செல்வரும் வறியரும் இருப்பது கடவுள் வகுத்த ஒழுங்கு என்றே அம்மையார் கருதினார். கூலி ஏன் குறைவு, வீட்டு வாடகை ஏன் அதிகம் என்ற கேள்விகளைப் பிறர்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆனாலும் வாடகைக் கொடுமையை அவர் கண்ணாரக் கண்டார். 1840-இல் சாங்க்ட் கேயோர்க் புறநகரில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக் குடியிருப்பும் குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனையும் எழும்பின. அவர் பெயராலேயே அது அமாலியென்ஸ்டிஃப்ட் என்று வழங்கிற்று.

இரண்டே ஆண்டுகளில் அந்த வீடுகளின் அருமை நகரத்துக்குத் தெரிந்தது. 1842 மே 5-ஆம் நாள் இரவில் டைக் தெருவில் பிடித்த நெருப்பு 8-ஆம் நாள் வரை எரிந்தது. பழைய நகரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சாம்பலாயிற்று. புனித நிக்கோலாஸ், புனித பேதுரு ஆலயங்களும் தப்பவில்லை. 51 பேர் மாண்டனர். சுமார் 20,000 பேர் வீடிழந்தனர். உடுத்த துணியோடு ஓடிவந்த மக்களுக்கு உணவு, உடை, படுக்கை, கூரை எல்லாமே ஒரே நாளில் வேண்டியிருந்தது. பத்தாண்டுகளாக வீடு வீடாய் ஏறி இறங்கிய பெண்களுக்கு யாருக்கு என்ன இல்லை என்று கேட்டறிய வேண்டிய அவசியமிருக்கவில்லை.

இதற்கிடையில் அவருடைய பழைய கனவு வேறு வாசல் வழியாக வந்து அழைத்தது. ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் 1836-இல் தியோடோர் ஃபிளீட்னர் என்ற போதகர் செவிலியப் பணிக்கான சகோதரிகள் இல்லத்தைத் தொடங்கினார். தலைமையேற்க வருமாறு அமாலியை வேண்டினார். இளமை முதல் ஏங்கியதே கையருகில்! ஆனால் ஹாம்பர்க்கில் தாம் தொடங்கிய சங்கத்தை விட்டுப் போக அவர் மனம் ஒப்பவில்லை, மறுத்துவிட்டார். அந்த மறுப்பு அவருக்கு எளிதாக இருந்திராது என்று நினைக்கிறோம். பின்னர் அவருடைய மாணவியான கரோலின் பெர்த்தோ 1843-இல் ஃபிளீட்னரை மணந்து அவ்வில்லத்தின் தாயானார். 1851-இல் அங்கே மூன்று மாதம் பயிற்சி பெற வந்த ஆங்கிலப் பெண்தான் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அந்தத் தபால்தலை வரிசையில் இருவரும் பக்கம் பக்கமாக வந்ததற்கு இப்படியும் ஓர் உறவு உண்டு.

ஹாம்பர்க்கிலேயே அவருக்கு வாய்த்த நண்பர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன். 1833-இல் அநாதைச் சிறுவருக்கு இல்லம் கண்டவர். 1839-இல் கிறிஸ்து பிறப்புக்கு எத்தனை நாள் என்று ஓயாது கேட்ட அந்தச் சிறுவர்களுக்காக ஒரு சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி நாளுக்கொன்றாக ஏற்றினார். நம் ஆலயத்தில் திருவருகைக் காலத்தில் வைக்கும் மலர்வளையத்தின் மூலம் அதுவே.

அமாலி அம்மையார் இறுதி வரை சங்கத்தின் தலைவியாகவும் ஆசிரியையாகவும் உழைத்தார். 1859 ஏப்ரல் முதல் நாள், அறுபத்து நான்காம் வயதில், காலமானார். அந்நகரில் பிச்சைக்காரர் சாவு என்றால் மக்களுக்கு நடுக்கம். தட்டையான மூடியுள்ள மலிவான பெட்டியில், நகரத்துச் செலவில், கேட்பாரின்றி எடுத்துச் செல்வார்கள். அந்த அவமானத்துக்கு அஞ்சியே பல ஏழைகள் கடைசிக் காசைச் சவப்பெட்டிக்கென்று ஒளித்துவைத்துப் பட்டினி கிடந்தனர். அம்மையார் இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருந்தார். தம்மையும் அதே தட்டைப் பெட்டியில், அதே முறையில் அடக்கம் செய்ய வேண்டுமென்று எழுதி வைத்திருந்தார். நகர மன்ற உறுப்பினரின் மகள் அப்படியே கொண்டு செல்லப்பட்டு, ஹாம் என்னும் பகுதியின் பழைய கல்லறைத் தோட்டத்தில், சீவெக்கிங் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டார்.