கெல்ட்டு மொழிகளின் உறவு கண்ட எட்வர்டு லூயிட்

1700ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வாலில், முதுகில் பையைச் சுமந்து ஊர் ஊராக நடந்து திரிந்த ஒருவரை மக்கள் ஐயுற்று நோக்கினர். கள்வன் என்று கருதியவரும் உண்டு. அவர் தேடி வந்ததோ, முதியோர் சிலர் வாயில் மட்டும் எஞ்சியிருந்த கார்னிஷ் மொழியை.

எட்வர்டு லூயிட் 1660இல் வேல்ஸ் எல்லையோரத்தில் பிறந்தார். பெற்றோர் மணம் புரியாதவர். தந்தையின் செல்வமும் கரைந்துபோயிற்று. 1682இல் ஆக்ஸ்போர்டு இயேசு கல்லூரியில் சேர்ந்தவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். எனினும் 1691இல் அந்நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். செடிகொடிகளும் கல்லில் படிந்த உயிர்ச்சுவடுகளும் அவரது முதற்காதல். ஸ்நோடன் மலையில் அவர் கண்டெடுத்த அல்லிமலர் பின்னர் அவர் பெயராலேயே வழங்கியது. செடிகளை ஒப்பிட்டு இனம் பிரித்த அதே கண், பின்னர்ச் சொற்களின் மேல் திரும்பியது.

1696இல் நான்காயிரம் வினாத்தாள்களை அச்சிட்டு, வேல்ஸ் நாட்டின் திருச்சபை வட்டங்களுக்கெல்லாம் அனுப்பினார். பிறருடைய விடைகள் மட்டும் போதாவென உணர்ந்து, 1697இல் துணைவர் சிலருடன் தாமே புறப்பட்டார். வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால் என அப்பயணம் நான்கு ஆண்டு நீண்டது. கடல் கடந்து பிரெஞ்சு நாட்டின் பிரித்தானிப் பகுதிக்குச் சென்றபோது, ஒற்றர் என்று பிடித்து பிரெஸ்ட் நகரில் சிறை வைத்தனர். இரு வாரங்களுக்குமேல் கழித்தே விடுதலை கிடைத்தது.

இவ்வுழைப்பின் பயன் 1707இல் வெளிவந்த ‘ஆர்க்கியாலஜியா பிரிட்டானிக்கா’ முதல் தொகுதி. தலையை வேல்ஸ் மக்கள் ‘பென்’ என்பர். அயர்லாந்தார் ‘கென்’ என்பர். மகன் அங்கே ‘மாப்’, இங்கே ‘மாக்’. பகரமும் ககரமும் இவ்வாறு ஒழுங்காக மாறிவருதல் தற்செயலன்று, உறவின் அடையாளம் என்று அவர் கண்டார். பண்டைய ஆசிரியர்கள் கெல்ட்டியர் என்னும் பெயரை ஐரோப்பியப் பெருநிலத்து மக்களுக்கே வழங்கினர். பிரித்தானியத் தீவுகளின் மொழிகளை அப்பெயருக்குரிய குடும்பத்தில் சேர்த்து எண்ணும் வழக்கம் வேரூன்றியதில் லூயிடின் பங்கு பெரிது. வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் வடமொழிக்கும் கிரேக்கத்திற்கும் உறவு கூறுவதற்கு 79 ஆண்டுகள் முந்தைய செய்தி இது. ஒப்பியல் வரலாற்றை ஜோன்ஸிடமிருந்தே தொடங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வேல்ஸ் மொழிக்கு 1588இல் முழு விவிலியம் கிடைத்தது. ஆலயத்தில் ஒலித்த மொழி வீட்டிலும் நிலைத்தது. கார்னிஷ் மொழிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்துக் கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசு அக்கிளர்ச்சியைக் குருதியில் மூழ்கடித்தது. லூயிட் சென்றபோது மேற்கோரச் சில வட்டங்களில் மட்டுமே அம்மொழி வழங்கியது. நான்கு மாத அளவில் அவர் அதனைக் கற்றார். எழுத்து ஒலியை மறைத்துவிடும் என்று அஞ்சி, தாமே வகுத்த ஒலியெழுத்தால் அதன் உச்சரிப்பைப் பதித்தார். தம் கார்னிஷ் இலக்கணத்திற்கு அம்மொழியிலேயே முன்னுரை எழுதினார். 1702இல் மறைந்த மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு அம்மொழியில் இரங்கற்பாவும் பாடினார். வாசிப்போர் அருகிவிட்ட மொழியில் பாப் புனைய எத்துணை உரம் வேண்டும் என்பதைக் கவிஞர் அறிவர்.

இரண்டாம் தொகுதி எழுதப்படவில்லை. 1709 ஜூன் 30 அன்று அருங்காட்சியகத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஐம்பது வயதும் நிரம்பவில்லை. கடனுக்காகக் கையெழுத்துப் படிகள் விலைபோயின. கைமாறிச் சென்றவற்றுள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கிரையாயின. கார்னிஷ் பேசிய கடைசி மூதாட்டி எனப் பலரும் குறிக்கும் டாலி பென்டிரீத் 1777இல் மறைந்தார். 1904இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக்குக் கையேடு எழுதி அதனை மீட்க முற்பட்டபோது, ஒலிப்பு முறைக்கு அவர் பெரிதும் நாடியது அச்சேறியிருந்த அந்த ஒரு தொகுதியையே.