அசோகர் சென்ற இரு வழிகள்

பிந்துசாரரின் மைந்தராகிய அசோகர், முடிசூடிய எட்டாம் ஆண்டில், கி.மு. 261 அளவில், கலிங்கத்தின்மீது படை நடத்தினார். போரில் வெட்டுண்டோர் ஒரு லட்சம். சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டோர் ஒன்றரை லட்சம். வேறு வகையில் மாண்டோர் அதனினும் பன்மடங்கு. இத்தொகைகளைப் பகைவர் எழுதிவைக்கவில்லை. வென்ற மன்னரே தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வருந்திப் பொறித்தார். தம் வெற்றியைத் தாமே பழியாகக் கல்லில் வெட்டிய வேந்தர் வேறெவரை நாம் அறிவோம்?

பத்தாம் ஆண்டில் வேட்டைப் பயணத்தைக் கைவிட்டு, பகவான் போதியடைந்த தலத்திற்குச் சென்றார். அதுமுதல் அவருடைய பயணங்கள் தம்ம யாத்திரைகளாயின. துறவியரைக் கண்டார், முதியோர்க்குப் பொன் ஈந்தார், நாட்டுப்புற மக்களோடு அறம் உசாவினார். இருபதாம் ஆண்டில் லும்பினியை வழிபட்டு, அவ்வூரார் விளைவில் எட்டிலொரு பங்கே செலுத்தினால் போதுமென்றார். மனிதர்க்கும் விலங்கிற்கும் அவர் செய்த மருத்துவ ஏற்பாடு சோழ பாண்டிய நாடுகள்வரை எட்டியதென இரண்டாம் சாசனம் கூறும்.

ஆயினும், உபாசகர்களே, ஒன்றை மறைத்தல் தகாது. கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடப் பாறைகளில் அப்பதின்மூன்றாம் சாசனம் இல்லை. எவரையும் காரணமின்றிச் சிறையிடலாகாது, துன்புறுத்தலாகாது என்று அதிகாரிகளுக்கு இட்ட ஆணைகளே அங்கு உள்ளன. நல்லாணைகளே, எனினும் அடிபட்டவர் முகத்தெதிரே மன்னர் தம் வருத்தத்தைச் சொல்லவில்லை. ஆறாத புண்ணைக் கிளற அஞ்சினார் என்பர் சிலர். கலகத்திற்கு அஞ்சினார் என்பர் வேறு சிலர். கொண்டுசெல்லப்பட்ட ஒன்றரை லட்சம் பேர் தம் ஊர் திரும்பினர் என்றும் எச்சாசனமும் கூறவில்லை.