நீர்மின்சாரத்தின் தந்தை டி. ஜே. விமலசுரேந்திர

இலங்கையில் மின்னியலைக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. நாட்டுக்குத் தேவையான மின்சாரத்தை நமது ஆறுகளிலிருந்தே பெறலாம் எனக் கணக்கிட்டுக் காட்டியவர் அவர். அந்தக் கணக்குச் செயலாக மாற 32 ஆண்டுகள் சென்றன.

இளமையும் கல்வியும்

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி காலியிற் பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கல்வி கற்றார். 1896இல் பொதுவேலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். அது பிரித்தானியர் ஆட்சிக்காலம். உயர் பொறியியற் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. விமலசுரேந்திர தமது உழைப்பினாலும் மேற்படிப்பினாலும் படிப்படியாக உயர்ந்து பொறியியலாளரானார்.

மலைநாட்டிற் கண்ட ஆற்றல்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தங்கம் கிடைக்குமா என ஆராயும் பணிக்காக அவர் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த பகுதிக்குச் சென்றார். அங்கே மஸ்கெலியா ஓயா போன்ற ஆறுகள் பெரும் உயரத்திலிருந்து விழுவதைக் கண்டார். அந்த நீரைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கலாம் என்ற எண்ணம் அவர் மனதில் உருவாயிற்று.

இதனை நமது ஊரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே தம்பலகாமத்து வயல்களுக்கு வருகிறது. அதில் நீர் நிறைய உண்டு. ஆனால் விழும் உயரம் குறைவு. லக்சபானவில் நீர் நூறு மீற்றருக்கு மேல் விழுகிறது. நீரிலிருந்து பெறக்கூடிய வலு, விழும் உயரம், செக்கனுக்குப் பாயும் நீரின் அளவு ஆகிய இரண்டையும் பொறுத்தது. மின்சுற்றிலும் இதே முறைதான். உயரத்தின் இடத்தில் அழுத்த வித்தியாசமும், பாயும் நீரின் இடத்தில் மின்னோட்டமும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும்.

1912இல் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் விமலசுரேந்திர. நுவரெலியா நகரம் அதிலிருந்து மின்சாரம் பெற்றது.

1918ஆம் ஆண்டு ஆய்வுரை

1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றியது அது. இலங்கையில் நிலக்கரியோ எண்ணெயோ கிடையாது. அவை கப்பலில் வரவேண்டும். ஆற்று நீரோ ஆண்டுதோறும் மழையாக வந்துசேர்கிறது. ஆகவே லக்சபானவில் பெரிய நீர்மின் நிலையம் அமைக்கவேண்டும் என்பது அவரது வாதம்.

அரசாங்கம் உடனே ஏற்கவில்லை. செலவு அதிகம் எனக் கருதப்பட்டது. 1920களில் ஆரம்பிக்கப்பட்ட வேலைகளும் பணமின்றி இடைநடுவில் நின்றன.

தூரத்துக்கு மின்சாரம் செல்வது எப்படி?

மலையிற் பிறக்கும் மின்சாரம் கொழும்புக்கு வரவேண்டுமானால் நீண்ட கம்பி தேவை. கம்பிக்குத் தடை உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் கம்பியில் வெப்பமாக இழக்கப்படும் வலு வரும்.

10,000 வாற்று வலுவை 2 ஓம் தடையுள்ள கம்பியில் அனுப்புவதாகக் கொள்வோம்.

500 வோல்ற்றில் அனுப்பினால்: மின்னோட்டம் 10,000 ÷ 500 = 20 அம்பியர். இழப்பு 20 × 20 × 2 = 800 வாற்று.

5,000 வோல்ற்றில் அனுப்பினால்: மின்னோட்டம் 10,000 ÷ 5,000 = 2 அம்பியர். இழப்பு 2 × 2 × 2 = 8 வாற்று.

அழுத்தம் 10 மடங்காகும்போது இழப்பு 100இல் ஒரு பங்காகிறது. மின் நிலையங்களிற் படிகூட்டு நிலைமாற்றிகள் வைப்பது இதற்காகவே. இன்று நாட்டின் பிரதான மின்வழிகள் 132,000 வோல்ற்றிலும் 220,000 வோல்ற்றிலும் இயங்குகின்றன.

கனவு நனவானது

விமலசுரேந்திர தமது முயற்சியைக் கைவிடவில்லை. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அங்கும் நீர்மின்சாரத்துக்காகக் குரல் கொடுத்தார். இறுதியில் 1950இல் லக்சபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 25 மெகாவாற்று. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது. தமது கணக்குச் சரியென்பதைக் கண்ணாற் கண்டபின், 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி அவர் காலமானார். 1965இல் நோட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாற்று நீர்மின் நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரது ஆய்வுரைக்கு அடிப்படையாக இருந்த பெருக்கலும் பிரித்தலும் நீங்கள் வகுப்பிற் செய்பவையே. விடையைக் கண்டபின் அதற்காக 32 ஆண்டுகள் உழைத்தமையே அவரைப் பெரியவராக்கியது.

நினைவிற் கொள்க

1. தடை = அழுத்த வித்தியாசம் ÷ மின்னோட்டம் (அலகு: ஓம்)
2. வலு = அழுத்த வித்தியாசம் × மின்னோட்டம் (அலகு: வாற்று)
3. கம்பியில் வலு இழப்பு = மின்னோட்டத்தின் வர்க்கம் × கம்பியின் தடை

பயிற்சி வினா

230 வோல்ற்று மின்வழங்கலில் இணைக்கப்பட்ட மின்கேத்தல் ஒன்றினூடாக 10 அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. (அ) அதன் தடை யாது? (ஆ) அதன் வலு யாது? (இ) அரை மணித்தியாலத்தில் அது பயன்படுத்தும் மின் அலகுகள் எத்தனை?

விடை: (அ) 23 ஓம் (ஆ) 2,300 வாற்று (இ) 1.15 அலகுகள் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம்.)