கல்வராயன் மலை ஏத்துற கியருக்குப் பின்னால ஒரு பட்டு வியாபாரி!

கோமுகி அணைக்கரையில ரோடு பைக்கைச் சாய்ச்சு வச்சு, பின்னாடி கல்வராயன் மலை தெரியற மாதிரி ஒரு கிளிக். இன்ஸ்டாவுக்கு அது போதும். ஹேண்டில்பார் டேப்பும் ஃபிரேமும் ஒரே கலரா, பாட்டில் கேஜ் மேட்சிங்கா, சக்கரத்துல எந்த பிராண்டு ஸ்டிக்கர் என்பதெல்லாம் அந்த போட்டோவுல பளிச்சுனு விழும். ஆனா அங்கிருந்து வெள்ளிமலைக்கு ரோடு ஏற ஆரம்பிச்சதும் கதையே வேற. கொண்டை ஊசி வளைவுகளில் டேப்பும் கைகொடுக்காது, ஸ்டிக்கரும் கைகொடுக்காது. பின் சக்கரத்துல இருக்குற பெரிய பல்சக்கரம்தான் மேல ஏத்தி விடும்.

அந்தப் பெரிய பல்சக்கரத்துக்கு சைக்கிள் வட்டாரத்துல ஒரு கேலிப் பேரும் இருக்கு, ‘கிரானி கியர்’. கால்ல தெம்பில்லாதவங்க போடுற கியராம். இந்த நக்கல் நம்ம காலத்துல ஆரம்பிச்சது இல்லைங்க. நூறு வருஷத்துக்கும் மேல பழசு. அதை வாழ்நாள் முழுக்க வாங்கிக்கட்டிக்கிட்டவர், பிரான்ஸைச் சேர்ந்த பால் தெ விவி. சைக்கிள் உலகத்துக்கு அவர் ‘வெலோசியோ’. அது அவர் தனக்குத்தானே வச்சுக்கிட்ட புனைபெயர்.

1853 ஏப்ரல் 29ஆம் தேதி, பிரான்ஸின் தென்கிழக்கில் பெர்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் பட்டுத் தொழில். செயின்ட் எட்டியென் நகரத்தில் வியாபாரம் பிடித்து, கல்யாணம் செய்து, மூன்று குழந்தைகளுக்கு அப்பாவாகி, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. (செயின்ட் எட்டியென் ரிப்பன் நெசவுக்குப் பேர்போன ஊர். நம்ம ஊர் சைக்கிள் ஹேண்டில் முனையில ஒரு காலத்துல கலர் கலரா குஞ்சம் தொங்குமே, அதைப் பார்த்திருந்தா அந்த ஊர்க்காரங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க.)

28 வயசுல, 1881இல் முதல் சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டு சைஸ் என்று இருக்குமே, அந்தப் பழைய மாடல். இதில் ஏறி ஆறு மணி நேரத்தில் மலை மேல இருக்குற ஊருக்குப் போய்ச் சேர முடியுமா என்று ஒரு நண்பர் பந்தயம் கட்ட, போயே காட்டிவிட்டார். அவ்வளவுதான், ஆள் காலி! பட்டு விஷயமாகவும் சைக்கிள் விஷயமாகவும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்குப் போய் வர ஆரம்பித்தார். அன்றைக்கு சைக்கிள் தொழிலின் தலைநகரமே அதுதான். 1887இல் பட்டு வியாபாரத்தை விற்றுவிட்டு, செயின்ட் எட்டியென்னில் சைக்கிள் கடை போட்டார். கூடவே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். ‘லெ சிக்லிஸ்த்’ என்ற பெயரில் அது பிரான்ஸ் முழுக்கப் பிரபலமானது.

கடையில் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது 1889இல். ‘கோலுவாஸ்’ என்று பேர். இன்றைக்கு நாம் பார்க்கும் அதே வைர வடிவ ஃபிரேம், செயின், ஒரே ஒரு கியர். இதை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘கோல் த லா ரெபுப்ளிக்’ மலைக் கணவாயில் ஏறுவார். உயரம் 1,161 மீட்டர். ஒருநாள் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, அவருடைய பத்திரிகையின் வாசகர் ஒருவர் வாயில் பைப்பைப் புகைத்தபடி கூலாக அவரை முந்திப் போனாராம். பத்திரிகை ஆசிரியருக்கு எப்படி இருந்திருக்கும்! வேகமாக மிதிக்கப் பார்த்தால், கால் ஒத்துழைக்கவில்லை. தன் சைக்கிளில் இருக்கும் பல்கணக்கு மலைக்குச் சரிவராது என்பது அவருக்கு உறைத்தது அந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கு ரொம்ப ஈஸி. பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 22 பல் என்று வச்சுக்குங்க. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ரெண்டு சுற்று சுற்றும். சாதாரண சக்கரத்துக்கு அது நாலு மீட்டருக்கு மேல. சமதளத்தில் சூப்பர். மலையில் அந்த நாலு மீட்டரையும் ஒரே மிதியில் தூக்கியாகணும், முட்டி கழன்றுவிடும். முன்னாலயும் பின்னாலயும் 30 பல் என்றால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று, ரெண்டு மீட்டர் சொச்சம். மெதுவாகத்தான் போவோம், ஆனா போவோம். தள்ளுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளை மலையில ஓட்டின பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த சைக்கிளில் கியர் கிடையாது. வெள்ளிமலைப் பக்கம் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளு, இறக்கம் வந்தால் ஏறி பிரேக்கைப் பிடி. வெலோசியோ காலத்து பிரான்ஸிலும் இதே நிலைமைதான். மலைன்னா சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும் என்பதை எல்லாரும் விதி மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஏற்கவில்லை. பெடல் பக்கம் ரெண்டு பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி மாட்டினார். மலை வந்தால் இறங்கி, செயினைக் கையால் தூக்கிச் சின்னதில் போட வேண்டும். கை முழுக்க கிரீஸ். அப்புறம் இடது பக்கத்திலும் ரெண்டு பல்சக்கரம் போட்டு நாலு கியர் ஆக்கினார். இறங்காமலே மாற்ற வழி தேடினார். விதவிதமான சக்கர அளவு, அகலமான டயர், சின்னச் சக்கரம் என எதையும் விட்டுவைக்கவில்லை. இன்னைக்கு குண்டு டயர் மாட்டி ஸ்டைல் காட்டுறோமே, அந்த மாதிரி டயரை மோசமான ரோட்டுக்காக அவர் அப்பவே சிபாரிசு செய்துகொண்டிருந்தார். வேறு யாராவது புதுசா எதையாவது கண்டுபிடித்தாலும் பொறாமை இல்லாமல் வாங்கி, ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதைப் பத்திரிகையில் எழுதிவிடுவார். இன்றைய யூடியூப் ரிவ்யூவுக்கு அவரைத் தாத்தா என்றே சொல்லலாம். ஒரு வித்தியாசம், ஒரு பொருளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அதில் மலை மலையாக ஏறி இறங்கியிருப்பார்.

வேகப் போட்டிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பல கியர் வைத்துக்கொள்வது வீரத்துக்கு அழகில்லை என்றார்கள். எடை கூடும், செயின் கழலும் என்றும் காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் காலத்து கியர்கள் நிஜமாகவே அடிக்கடி மக்கர் செய்யும். 1902இல் பிரான்ஸின் சுற்றுலா சைக்கிள் சங்கம் மலைப்பாதையில் ஒரு சோதனைப் போட்டியே வைத்துவிட்டது. ஒரே கியரில் ஓட்டும் எடுவார் ஃபிஷர் என்ற கில்லாடி வீரர் ஒரு பக்கம். மூன்று கியர் பூட்டிய கோலுவாஸில் மார்த் எஸ் என்ற பெண் இன்னொரு பக்கம். வழி நெடுக அவர் ஒரு இடத்தில்கூடக் காலை ஊன்றவில்லை என்று பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

அத்தோடு வாக்குவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஹென்றி டெகிராஞ்ஜ் என்ற பத்திரிகை ஆசிரியர் குறுக்கே வந்தார். அடுத்த வருஷம், 1903இல், டூர் தெ பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவர் இவர்தான். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயசு தாண்டியவர்களுக்கான சமாச்சாரம், ஆம்பளைன்னா தசையால ஜெயிக்கணும் என்பது அவர் கட்சி. டெகிராஞ்ஜ் கையில் போட்டி இருந்தது, விதிமுறைப் புத்தகம் இருந்தது. வெலோசியோ கையில் இருந்தது ஒரு கடையும் ஒரு பத்திரிகையும்தான். 1910இல் பிரனீஸ் மலையின் டூர்மலே கணவாயை டூர் போட்டியில் சேர்த்தபோது, அந்தக் கொடூரமான ஏற்றத்தில் வீரர்கள் இன்றைய கியர் இல்லாமல்தான் திணறினார்கள்.

வெலோசியோவின் நடைமுறை வாழ்க்கையும் கொஞ்சம் விசித்திரம்தான். சைவம். எஸ்பெராந்தோ என்ற பொது மொழியைப் பரப்பினார். ராத்திரியில் கிளம்பி விடிய விடிய ஓட்டுவது அவருக்குப் பிடிக்கும். ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறைக்கும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே புரோவான்ஸ் பக்கம் நீண்ட பயணம் போவார். வயசாக ஆக தூரம் குறையவில்லை.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அவர் ஏழு கட்டளைகள் வைத்தார். பசிக்கும் முன்னாடியே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னாடியே குடி என்கிற ரகத்தில் பெரும்பாலும் நடைமுறை யோசனைகள். வெயிலில் மலை ஏறுகிறவர்களுக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்தும். ஏழாவது கட்டளைதான் சுருக்குனு குத்தும். பெருமைக்காக, அடுத்தவனுக்குக் காட்டுவதற்காக மிதிக்காதே என்பது அதன் சாரம்.

இதுக்காக அவரை அலங்காரத்துக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. நம்ம அப்பா, சித்தப்பா எல்லாம் ஹப்பில் பூ வளையம், ஸ்போக்ஸில் கலர் மணி, மட்கார்டில் ரஜினி கமல் ஸ்டிக்கர், டைனமோ லைட் என்று சைக்கிளைக் கல்யாண மாப்பிள்ளையாக்கி வைத்திருந்தார்களே, அந்த ஆசை அவருக்கும் புரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரும் சைக்கிளைச் சும்மா விடாத ஆள்தானே. அடுத்தவன் சிரிப்பானே என்று தனக்குத் தேவையான கியரைப் போடாமல் விடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

1922 முதல், கோல் த லா ரெபுப்ளிக் கணவாயில் அவர் பெயரில் வருஷாவருஷம் ஒரு மலையேற்ற நாள் நடத்த ஆரம்பித்தார்கள். பைப் புகைத்தவர் அவரை முந்திய அதே மலை. சிறுவர், பெரியவர், ஆண், பெண் எல்லாரும் கலந்துகொண்ட விழா அது.

1930இல் செயின்ட் எட்டியென் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து போனார். எதிரே வந்த காருக்கு ஒதுங்கும்போது டிராம் வண்டி மோதியது. 76 வயசு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மலையிலும் இருட்டிலும் ஓட்டியவர், சைக்கிள்மேல் இல்லாத நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

டூர் தெ பிரான்ஸில் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தது 1937இல், டெகிராஞ்ஜ் உடம்பு முடியாமல் பொறுப்பை விட்டு விலகிய பிறகு. அந்த வருஷம் கியரோடு ஓட்டிப் பட்டம் வென்ற ரோஜே லாபெபிக்கு வயசு 26.