கணக்குக் கேட்ட யோசேப் ஹவ்

குற்றங் கண்டவிடத்துக் கண்டித்துரைக்கும் பெரியோரைத் துணையாகப் பெறாத ஆட்சி, பகைவர் இல்லாமலே கெட்டழியும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அத்தகைய பெரியோருள் ஒருவர், நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடா நாட்டின் கீழ்க்கரையிலே, நோவா ஸ்கோஷியா மாகாணத்திற் பிறந்த யோசேப் ஹவ் என்பவர். மக்கள் கொடுத்த பணம் மக்களுக்குப் பயன்பட்டதா என்னும் ஒரு வினாவே அவர் ஏந்திய படைக்கலம்.

அவர் 1804 ஆம் ஆண்டு டிசம்பர் 13 இல் ஹலிபக்ஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கில அரசுக்கு விசுவாசமாய் நின்று, பொஸ்ரன் நகரை விட்டு வந்தவர். அரசாங்க அச்சகத்தையும் தபாற் பகுதியையும் நடத்தியவர். மைந்தருக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. பதின்மூன்று வயதிலே அச்சுக்கூடம் புகுந்தார். அதுவே அவருக்குக் கல்லூரியாயிற்று. 1827 ஆம் ஆண்டின் இறுதியில் ‘நோவாஸ்கோஷியன்’ என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கினார். சந்தாப் பணம் பெறுதற்பொருட்டுக் குதிரையேறி மாகாணமெங்கும் திரிந்தார். தெருக்களின் நிலையையும் உழவரின் குறைகளையும் நேரிற் கண்டறிந்து பயணக் கட்டுரைகளாக எழுதினார்.

அக்கால ஆட்சியமைப்பை ஈண்டு அறிதல் வேண்டும். மக்கள் தெரிந்தெடுத்த சட்டசபை ஒன்று இருந்தது. ஆயினும் மெய்யான அதிகாரம் தேசாதிபதியின் பக்கத்தில் அமர்ந்த பன்னிருவர் சபையிடமே தங்கியிருந்தது. சட்டமியற்றும் மேற்சபையும் நிருவாக சபையும் அதுவே. செல்வ வணிகரும் வங்கி முதலாளிகளும் அதிற் பெரும்பான்மையினர். அவர்கள் கூடியதோ அடைத்த கதவின் பின்னே. ஹலிபக்ஸ் நகருக்கு மக்கள் தெரிந்த நகரசபையும் இல்லை. பொலிசு, சந்தை, ஏழைகள் இல்லம், சிறைச்சாலை, வரி யாவும் நியமனம் பெற்ற நீதவான்களின் கையில் இருந்தன. அவர்களிடம் கணக்குக் கேட்பார் ஒருவரும் இலர்.

1835 ஆம் ஆண்டின் முதல் நாளிலே, மக்கள் என்னும் புனைபெயரோடு கடிதமொன்று ஹவ்வின் பத்திரிகையில் வெளிவந்தது. முப்பதாண்டுக் காலத்தில் நீதவான்களும் பொலிசும் மக்களிடமிருந்து முறையற்ற வகையிற் கவர்ந்த பணம் 30,000 பவுணுக்கு மேற்படும் என்று அது குற்றஞ் சாட்டிற்று. நீதவான்கள் சினந்தனர், குற்றவியல் அவதூறு வழக்கு எழுந்தது. எழுதியவரின் பின்னே ஹவ் மறையவில்லை. வெளியிட்டவர் என்ற முறையிலே பொறுப்பைத் தாமே ஏற்றார்.

சட்டமறிந்த நியாயதுரந்தரரை அணுகியபோது, வெற்றிக்கு வழியில்லை என்று அவர்கள் கைவிரித்தனர். எழுதியது உண்மை என்று நிறுவுதல் அக்காலச் சட்டப்படி எதிர்வாதம் ஆகாது. ஹவ் சட்டநூல்களை இரவல் வாங்கிப் படித்துத் தமக்குத் தாமே வாதாடத் துணிந்தார். மார்ச் மாதத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேலாக அவர் பேசினார். ஏழைகள் இல்லமும் சிறைச்சாலையும் எவ்வாறு நடத்தப்பட்டன, வரியும் அபராதமும் எவ்வழியிற் சென்றன என்பவற்றை ஒன்றொன்றாக எடுத்து யூரிமார்முன் வைத்தார். பிரதம நீதியரசரோ, வெளியிட்டது அவதூறே என்பது தம் கருத்து என்று அவர்களுக்கு உரைத்தார். ஆயினும் பத்தே நிமிடத்தில் அவர்கள் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தனர். மக்கள் அவரைத் தோளிற் சுமந்து வீடு சேர்த்தனர். நீதவான்கள் சிலர் பதவி துறந்தனர்.

1836 இல் ஹவ் சட்டசபை புகுந்தார். மறுவருடம் பன்னிருவர் சபையின் குறைகளைப் பன்னிரு தீர்மானங்களாக நிரல்படுத்தினார். அதே காலத்தில் மேற்கேயுள்ள மாகாணங்களிலே ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. ஹவ் அவ்வழியை வெறுத்தார். 1840 இல் பிரதம நீதியரசரின் மைந்தர் துப்பாக்கிப் போருக்கு அறைகூவினார். அவர் சுட்ட குண்டு தவறிற்று. ஹவ் தம் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டு அப்பால் நடந்தார். 1848 பெப்ரவரியில், சட்டசபையின் பெரும்பான்மைக்குப் பொறுப்பான மந்திரிசபை அங்கே அமைந்தது. ஆங்கிலப் பேரரசின் குடியேற்ற நாடுகளுள் அப்பேறு முதலிற் பெற்றது நோவா ஸ்கோஷியாவே. ஒரு துளி இரத்தமும் சிந்தப்படவில்லை.

இனி அவர் வரலாற்றின் கடினமான பகுதி. கணக்குக் கேட்டவர் கணக்குக் கொடுக்க வேண்டியவரானார். இருப்புப்பாதை அமைத்தல் அரசாங்கத்தின் கடமை என வாதாடிய அவர், 1854 இல் அதற்குரிய சபையின் தலைமையை ஏற்றார். 1855 தேர்தலில் சார்ள்ஸ் ரப்பர் என்னும் இளம் வைத்தியரிடம் தோல்வியுற்றார். 1860 முதல் 1863 வரை மாகாண முதலமைச்சராயிருந்தும், அடுத்த தேர்தலில் அவர் கட்சி வீழ்ந்தது. அவர் வாங்கித் தந்த உரிமையே அவரையும் இறக்கிற்று. அதனாற் கொள்கை தோற்றதன்று. நிலைபெற்றது என்றே கொள்ளல் தகும்.

மக்கள் சம்மதம் பெறாது மாகாணம் கனடாக் கூட்டாட்சியிற் சேர்க்கப்பட்டபோது அவர் மீண்டும் எதிர்த்தெழுந்தார். 1867 தேர்தலில் அவர் பக்கத்தார் 19 கூட்டாட்சி ஆசனங்களுள் 18ஐ வென்றனர். இலண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. பிரிதல் இயலாதெனக் கண்டு, மாகாணத்துக்கு மேலதிக நிதியுதவி பெற்று, 1869 இல் கூட்டாட்சி மந்திரிசபையிற் சேர்ந்தார். நெடுநாள் நண்பர் பலர் துரோகி என்று தூற்றினர். தூற்றியோரின் நெஞ்சுப் புண்ணும் பொய்யன்று. மாகாணத்தின் பணப் பையை நினைந்த அவர் எண்ணமும் இழிவன்று.

1873 மே மாதத்தில் மாகாணத்தின் உப தேசாதிபதியானார். மூன்று வாரமளவில், யூன் முதலாம் நாள், அம்மாளிகையிலேயே உயிர் நீத்தார். அவர் குற்றவாளியாக நின்று பேசிய மண்டபம் இன்று சட்டசபையின் நூல்நிலையமாக விளங்குகின்றது. மாணவர் சரித்திரத்தில் அரசரின் போர்களையே படித்து அமையாது, ஏழைகள் இல்லத்துக்காகவும் சந்தைக்காகவும் ஓர் அச்சுக்கூடத்தார் பேசிய அந்த ஆறு மணி நேரத்தையும் படித்தல் வேண்டும்.