உருளும் குண்டுக்குள் ஒரு கணக்கு
(அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் வரலாறு)

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்று பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம். வானொலிப் பெட்டியின் முகப்பிலும் அந்தப் பெயரைக் கண்டிருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தவர் அவர் என்பதும் பாடநூலில் உள்ள செய்திகளே. ஆனால் அலைகளைத் தேடிப் புறப்படுமுன், இருபத்து மூன்றாம் வயதில் அவர் செய்து முடித்த வேறொரு காரியம் பாடநூலில் இல்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பேருந்தின் சக்கரத்திலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சுழலும் ஒவ்வொரு மோட்டாரிலும் அது ஒளிந்திருக்கிறது. அதை நம் பள்ளி மாணவியருக்கு அறிமுகம் செய்யவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஹைன்ரிக் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் வழக்கறிஞர்; பின்னாளில் நகர ஆட்சிமன்றத்திலும் இடம் பெற்றவர். தாயார் அன்னா எலிசபெத் ஒரு மருத்துவரின் மகள். ஹைன்ரிக்குக்குப் பின் மூன்று தம்பியரும் ஒரு தங்கையும் பிறந்தனர். தந்தையின் முன்னோர் யூதர்கள். தந்தையோ சிறு பிள்ளையாக இருந்தபோதே லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சிறுவன் ஹைன்ரிக்குக்குப் புத்தகமும் பிடித்தது, உளியும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குச் சென்று வடிவ வரைபடம் கற்றான். வீட்டிலேயே கடைசல் வேலை பழகிச் சிறு சிறு கருவிகளைத் தானே செய்துகொண்டான். மொழிகளிலும் சூரன், அரபு மொழியை அவன் கற்ற வேகத்தைக் கண்ட ஆசிரியர், பையனைக் கீழ்த்திசை மொழிகளுக்கே ஒப்படைத்துவிடுமாறு தந்தையை வற்புறுத்தினாராம். கடைசல் கற்பித்த ஆசிரியரின் ஆதங்கமோ வேறு. தம் மாணவன் பேராசிரியர் ஆகிவிட்டான் என்று பின்னாளில் கேள்விப்பட்டபோது, எப்பேர்ப்பட்ட கடைசல்காரன் வீணாகிப் போனான் என்று வருந்தினாராம் அவர்! இந்தக் கைத்திறன்தான் பிற்கால ஆய்வுகளில் அவருக்குப் பெரிதும் உதவியது என்று நமக்குத் தோன்றுகிறது.

1875இல் பள்ளிப்படிப்பு முடிந்தது. பொறியாளராகி வீட்டுக்கு உதவ வேண்டும் என்பதே எண்ணம். ஃபிராங்ஃபர்ட் நகரில் கட்டடப் பணியில் பயிற்சி, டிரெஸ்டனில் சிறிது காலம் படிப்பு, பின் ஓராண்டு இராணுவச் சேவை என்று நாட்கள் சென்றன. 1877இல் மேற்படிப்புக்காக மியூனிக் சென்றார். அங்கேதான் மனத்தில் போராட்டம் எழுந்தது. பொறியியல் நிச்சயமான வருமானம் தரும் தொழில். இயற்கை விஞ்ஞானமோ எவ்வளவு காலம் படித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாத துறை. ஆனால் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. இருபது வயது இளைஞர் தாமாக முடிவு செய்துகொண்டு பிறகு தகவல் சொல்லவில்லை. தம் விருப்பத்தையும் அச்சத்தையும் மறைக்காமல் தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். தந்தையும் தடை சொல்லவில்லை. நம் பெற்றோர்களும் இந்த வரிகளை வாசிப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதினோம்!

1878இல் பெர்லின் பல்கலைக்கழகம். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேராசான் அவரைக் கண்டுகொண்டார். 1879இல் பல்கலைக்கழகப் போட்டியில் பரிசு, 1880இல் டாக்டர் பட்டம், அதே ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடமே உதவியாளர் பதவி என வரிசையாக வந்தன.

அந்த 1880ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் நாம் சொல்ல வந்த காரியம் நடந்தது. இரு கண்ணாடி வில்லைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அவை தொடும் இடத்தைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். நியூட்டன் வளையங்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது இதையே. வில்லைகளை அழுத்திப் பிடித்தால் கண்ணாடியே சிறிது நசுங்குமே, அதனால் வளையங்கள் மாறுமே, எவ்வளவு மாறும் என்று ஹெர்ட்ஸ் யோசித்தார். மற்றவர்கள் விடுமுறை கொண்டாடிய நாட்களில் அவர் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தார். 1881 ஜனவரி இறுதியில் பெர்லின் பௌதிகச் சங்கத்தின் முன் அதைப் படித்துக் காட்டினார்.

கணக்கின் சாரம் இதுதான். ஓர் இரும்புக் குண்டை இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் அது ஒரே ஒரு புள்ளியில் தொடும் என்று கேத்திரகணிதம் சொல்லும். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. பரப்பில்லாத இடத்தில் பாரம் இறங்கினால் அழுத்தம் எல்லையற்றதாகி, எந்த இரும்பும் நொறுங்கிப்போக வேண்டும். ஆனால் நொறுங்குவதில்லையே! ஏனென்றால் குண்டும் தகடும் சிறிதளவு நசுங்கி, கடுகினும் சிறிய ஒரு வட்டமாகத் தொடுகின்றன. அந்த வட்டம் எவ்வளவு பெரியது, அதன் நடுவே அழுத்தம் எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்பதையெல்லாம் ஹெர்ட்ஸ் வாய்பாடாகத் தந்துவிட்டார். பாரம் கூடும்போது வட்டமும் விரிவதால் அழுத்தம் மெதுவாகவே ஏறுகிறது; அழுத்தம் இரட்டிப்பாக வேண்டுமானால் பாரம் எட்டு மடங்காக வேண்டும். கண்ணாடியின் மேல் கரி பூசி, அதில் வில்லையை அழுத்தி, பதிந்த தடத்தை அளந்தும் சரிபார்த்தார்.

பௌதிக அறிஞர்களைவிடப் பொறியாளர்களே இதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தனர். தங்கள் ஏட்டுக்கும் எழுதித் தருமாறு அவர்கள் கேட்க, உலோகங்களின் கடினத்தன்மையை அளப்பது பற்றியும் சேர்த்து 1882இல் எழுதிக் கொடுத்தார். அத்துடன் அதை விட்டுவிட்டார்!

நம் நாட்டவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளி ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறுமுன்பு, கல்கத்தாவில் குண்டுகளை மோதவிட்டு ஆராய்ந்தார். ஹெர்ட்ஸின் கணக்கைக் கொண்டு அந்த மோதல்களை விளக்கி 1920இல் கட்டுரையும் வெளியிட்டார்.

ஹெர்ட்ஸின் பிற்கால வாழ்வு பலரும் அறிந்ததே. 1883இல் கீல் நகர், 1885இல் கார்ல்ஸ்ரூவே நகரில் பேராசிரியர் பதவி. 1886இல் உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மகளான எலிசபெத் டாலை மணந்தார். 1886 முதல் 1888 வரை நடத்திய ஆய்வுகளில், ஒரு கருவியில் எழுப்பிய மின்பொறி தொலைவிலிருந்த வளையத்திலும் சிறு பொறியை எழுப்பக் கண்டு, மாக்ஸ்வெல் ஏட்டில் எழுதிய அலைகள் மெய்யே என்று நிலைநாட்டினார். வானொலியும் தொலைக்காட்சியும் அந்தப் பொறியில் பிறந்தவை. 1887இல் யோஹானா, 1891இல் மத்தில்டே என இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

1889இல் பான் பல்கலைக்கழகத்துக்கு வந்தவரை 1892இல் நோய் பற்றியது. பல்லிலும் மூக்கிலும் தொடங்கிய வேதனை தலை முழுதும் பரவியது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தும் குணமில்லை. வலிக்கிடையே இயந்திரவியலின் அடிப்படைகளைப் பற்றிய நூல் ஒன்றை எழுதினார். 1893 டிசம்பரில், தமக்காக மனம் உடைய வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதினார். 1894ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது முப்பத்தாறுதான். நூல் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. மூத்த மகளுக்கு ஆறு வயது. இளையவளுக்கு மூன்றுகூட நிறையவில்லை.

அவர் விட்டுச்சென்ற கிறிஸ்துமஸ் கணக்கு என்னாயிற்று? சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது மசகில் தோய்ந்த சின்னஞ்சிறு குண்டுகள் உருண்டோடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பேரிங் எனப்படுவது அதுவே. ஜெர்மனியில் ஸ்ட்ரிபெக் என்னும் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேரிங் குண்டுகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிய ஹெர்ட்ஸின் வாய்பாட்டைக் கையாண்டார். ஆனால் பாரத்தைத் தாங்குகிற பேரிங்கும் ஒருநாள் கெட்டுப்போகிறதே, ஏன்? கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிந்துவிடும். உலோகமும் களைத்துப்போகும். நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும் பேரிங், பதினேழு மணி நேரத்துக்குள் பத்து இலட்சம் சுற்றுகளை முடித்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் வரிசையாக வந்து வளையத்தின் ஒரே இடத்தை அழுத்தி அழுத்திப் போகின்றன. சாதாரண குண்டு பேரிங்குக்கு அனுமதிக்கப்படும் உச்ச நிலை அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 40,000 மடங்கு!

இதில் விந்தை என்னவென்றால், உலோகத்தைச் சறுக்கிப் பிளக்க முயலும் தகைவு மேற்பரப்பில் உச்சம் அடைவதில்லை. மயிரிழையின் கனத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் உள்ளேயே உச்சம் அடைகிறது. அந்த இடத்தில் உருக்கில் ஒரு சிறு மாசு இருந்தால் போதும், விரிசல் அங்கே பிறந்து மெல்ல மேலே ஏறும். வெளியே பளபளப்பு குறையாமலிருக்கும்போதே உள்ளே கேடு வளர்ந்துகொண்டிருக்கும். பின் ஒருநாள் செதில் பெயர்ந்து, சக்கரம் முனகத் தொடங்கும். பேரிங் சத்தம் என்று மெக்கானிக் சொல்வது அதைத்தான். பெரம்பூரில் செய்யப்படும் இரயில் பெட்டிகளின் அச்சுகளும் ரோலர் பேரிங்குகளில்தான் ஓடுகின்றன. அங்கே இது சத்தத்தோடு நிற்கும் விஷயமன்று. அச்சு சூடேறினால் பயணிகளின் உயிருக்கே ஆபத்து.

1947இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட்பெர்க், பால்ம்கிரேன் ஆகிய இருவரும் இந்தக் களைப்புக்கும் கணக்கு எழுதினர். ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓட்டினால், தொண்ணூறு எத்தனை சுற்றுகளைத் தாண்டுமோ அதுவே ஆயுள் என்று கொண்டனர். குண்டு பேரிங்கில் பாரம் இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். அளவுக்கு மேல் செங்கல் ஏற்றும் லாரிக்காரர்கள் இதை அறிந்தால் நல்லது.

பிறகு கணிப்பொறி வந்தது. இன்றைய பொறியாளர்கள் பேரிங்கைக் கணிப்பொறியிலேயே வரைந்து, ஆயிரக்கணக்கான நுண்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தகைவு எவ்வளவு என்று கணக்கிடச் செய்கிறார்கள். குண்டு தொடும் இடத்தில் துண்டுகள் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். புள்ளி நெருக்கி வைத்த கோலம்போல. மசகுப் படலத்தின் கனம், உருக்கிலுள்ள மாசு, வளையத்தின் சிறு சாய்வு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஹெர்ட்ஸின் காகிதக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. வழவழப்பான, உராய்வற்ற பொருள்களையே அவர் எடுத்துக்கொண்டார். ஆயினும் கணிப்பொறி சொல்வதை எப்படி நம்புவது? முதலில் ஒரு குண்டு தகட்டை அழுத்துவதைக் கணக்கிடச் சொல்லி, விடையை ஹெர்ட்ஸின் வாய்பாட்டோடு ஒப்பிடுவது வழக்கம். ஒத்துவராவிட்டால் பொறியாளர் தம் துண்டுகளைத் திருத்தவேண்டியதுதான், ஹெர்ட்ஸைத் திருத்துவதில்லை!

இனி, நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். இளைய மகள் மத்தில்டே தந்தையைப்போல் ஆராய்ச்சியாளரானார். விலங்குகளும் தேனீக்களும் வடிவங்களை எவ்வாறு கண்டு உணர்கின்றன என்பது அவருடைய துறை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், தந்தைவழி யூதக் குருதியைக் காரணம் காட்டி, பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்தனர். முதிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் அவருக்காகப் பரிந்து பேசியதால் ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் சிறிது காலம் நீடிக்க முடிந்தது. ஹாம்பர்க் நகர மன்றத்தில் மரியாதையுடன் மாட்டியிருந்த ஹெர்ட்ஸின் படத்தையும் கழற்றிவிட்டனர். இறந்து நாற்பது ஆண்டு ஆனவரிடம் என்ன பகை என்று நமக்கு விளங்கவில்லை. மத்தில்டே 1935இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் குடியேறினார். தாயாரும் அக்காவும் பின்தொடர்ந்தனர். கணவரை இழந்தபின் இரு பெண்களையும் தனியே வளர்த்து ஆளாக்கிய எலிசபெத் அம்மையார் 1941இல் அங்கேயே காலமானார். 1960இல் அனைத்துலக அளவைப் பேரவை அதிர்வெண்ணின் அலகுக்கு ஹெர்ட்ஸ் என்னும் பெயரை உறுதி செய்தபோது மத்தில்டே உயிருடன் இருந்தார். 1975இல் அவர் கேம்பிரிட்ஜில் மறைந்தார்.