லாட ஆணியைப் பொறுக்கிய பஸ் முதலாளி: டி.வி.சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கையும் உங்கள் காரின் அடுத்த டயரும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. தினமும் காரில் போய் வருகிறீர்கள். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் 'டயர் நாலும் தேஞ்சிருச்சு, மாத்திடுங்க' என்கிறார்கள். புது டயர் விலையைக் கேட்டால் மாதச் செலவுக் கணக்கே ஆட்டம் காண்கிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்: 'எதுக்குப் புதுசு? நல்ல செகண்ட் ஹேண்ட் டயர் பாதி விலைக்குக் கிடைக்குமே!'

வாங்கிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, தென் தமிழகத்தில் மோட்டார் தொழிலுக்கு அடித்தளம் போட்ட ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்பது உதவும். டயரில் காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்பது அவருக்குத் தொழிலே நிற்குமா விழுமா என்கிற பிரச்சினையாக இருந்தது.

யார் இவர்?

டிவிஎஸ் என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர், திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் ஐயங்கார். 1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரைப் போலவே அதுவும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர்.

முதலில் வக்கீல் தொழில், பிறகு ரயில்வே வேலை, அதன்பின் வங்கி வேலை. அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான பாதை கிடையாது. ஆனால், முப்பது வயதைத் தாண்டிய பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து சொந்தத் தொழிலில் இறங்கினார். 1912-ல் அவரது பஸ் சர்வீஸ் தொடங்கியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய சாலையில் மோட்டார் பஸ் ஓட்டுவது அன்றைக்குச் சூதாட்டம் மாதிரிதான்.

ஆணிக்கு எதிரான போராட்டம்

அந்தச் சாலைகளில் பஸ்ஸுக்குப் பெரிய எதிரி பள்ளம் மட்டுமல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் அடித்த லாடங்களில் இருந்து கழன்று விழும் ஆணிகள்தான் டயரைப் பதம் பார்த்தன. ஒரு பஞ்சர் என்றால் பஸ் தாமதம். பஸ் தாமதம் என்றால் பயணிகள் மறுபடி மாட்டு வண்டிக்கே போய்விடுவார்கள்.

இதற்கு அவர் கண்ட வழி இன்றும் பேசப்படுகிறது. காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓட்டி, கிடக்கும் ஆணிகளை முன்கூட்டியே பொறுக்க வைத்தார். கிழிந்த டயரை மாற்றும் செலவைவிட, டயர் கிழியாமல் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்ற எளிய கணக்கு அது. டிவிஎஸ் பஸ் நேரம் தவறாது என்ற பெயரும் அப்படித்தான் வளர்ந்தது.

யுத்தம் வந்தது, ரப்பர் நின்றது

இரண்டாம் உலகப் போர் அடுத்த சோதனை. 1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசம் போயின. உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. டயருக்குத் தட்டுப்பாடு, பெட்ரோலுக்கு ரேஷன்.

பெட்ரோல் பிரச்சினைக்கு, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' கருவியை உருவாக்கித் தயாரித்தார். டயருக்கு ரீட்ரெடிங் தொழிற்சாலை தொடங்கினார்.

ரீட்ரெடிங் என்றால் என்ன? டயரில் தரையைத் தொடும் பகுதி, நம் ஊர்ப் பேச்சில் 'பட்டன்', முதலில் தேயும். உள்ளே இருக்கும் உடல் அதற்குப் பிறகும் நன்றாக இருக்கலாம். அப்படி இருந்தால், தேய்ந்த மேல்பகுதியைச் சீவி, புது ரப்பரைப் பதித்து, சூட்டில் வேக வைத்து ஒட்டுவார்கள். லாரி, பஸ் டயர்களில் இன்றும் இது நடைமுறையில் உள்ளது.

அப்படியானால் பழைய டயர் நல்லதுதானே?

இங்கேதான் கவனம் தேவை. ஒரு பஸ் கம்பெனி தன் டயரை ரீட்ரெட் செய்யும்போது, அந்த டயரின் ஜாதகமே அதன் கையில் இருக்கும். எப்போது வாங்கியது, எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை பஞ்சர் ஆனது என்று எல்லாம் தெரியும்.

நீங்கள் வாங்கப்போகும் செகண்ட் ஹேண்ட் டயரின் ஜாதகம் யாரிடமும் இல்லை. விபத்தில் சிக்கிய காரில் இருந்து கழற்றியதா, காற்று குறைவாக ஓடி உள்ளே நொந்துபோனதா என்பது வெளியில் தெரியாது. கறுப்பு பாலிஷ் போட்டால் பத்து வருட டயரும் பளபளக்கும். கார்களுக்கு ரீட்ரெட் டயரும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

விலையும் உண்மையில் குறைவா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புது டயரின் வரி ஆழம் 8 மி.மீ., விலை ரூ.4,800 என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 6.4 மி.மீ. ஒரு மி.மீ.க்கு ரூ.750. அதே அளவில் 4 மி.மீ. ஆழமுள்ள பழைய டயரை ரூ.2,000-க்கு வாங்கினால் கிடைப்பது 2.4 மி.மீ. மட்டுமே. ஒரு மி.மீ.க்கு ரூ.833. பாதிக்கும் குறைவான விலைக்கு வாங்கியும் நஷ்டம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் வரி ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் 'டிடபிள்யூஐ' என்ற எழுத்து அல்லது சிறு முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே வரிகளுக்குள் சின்ன மேடு தெரியும். பட்டனும் அந்த மேடும் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. பாதுகாப்பற்ற நிலையில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றம்.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து மழை. ஐப்பசி, கார்த்திகையில் மதுரை – கொல்லம் நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கும்போது, அதை ஒதுக்கித் தள்ளும் வேலையை டயரின் வரிகள்தான் செய்கின்றன. வரி இல்லாத டயர் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கும்.

கடையில் என்ன பார்க்கணும்?

* ஐஎஸ்ஐ முத்திரை. கார் டயருக்கு இது கட்டாயம்.

* தயாரிப்புத் தேதி. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2325' என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

* அளவு, பாரக் குறியீடு, வேகக் குறியீடு. டிரைவர் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரிலும் காரின் கையேட்டிலும் உள்ள விவரத்தோடு ஒப்பிடுங்கள். பாரக் குறியீடு அதைவிடக் குறையக் கூடாது.

* ஜிஎஸ்டி பில். புது கார் டயருக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. வாரன்டி கேட்கவும் பில் வேண்டும்.

* மொத்தச் செலவு. மாட்டுக்கூலி, பேலன்சிங், வால்வு எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று கடைகளில் விசாரியுங்கள். ஆன்லைன் விலையோடும் ஒப்பிடுங்கள்.

நாலும் வாங்கக் காசு இல்லையா?

முன் டயர்கள் முதலில் தேய்ந்திருந்தால் இரண்டு மட்டும் வாங்கலாம். ஆனால் புதியதைப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னுக்குக் கொண்டு வர வேண்டும். ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

பிறகு, மாதம் ஒருமுறை டயர் சூடாகும் முன் காற்று பாருங்கள். சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். ஆணி பொறுக்கிய அதே கணக்குதான் இதுவும்: இருக்கும் டயரை நீண்ட நாள் ஓட வைப்பதே பெரிய சேமிப்பு.

கடைசிக் காலம்

சுந்தரம் ஐயங்கார் தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். மகள் டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார். 1955 ஏப்ரல் 28 அன்று, 78-வது வயதில், கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

1970-களின் தொடக்கத்தில் அவரது பஸ்கள் அரசுடைமை ஆகின. 1982-ல் டிவிஎஸ் குடும்பத்தில் இருந்தே ஸ்ரீசக்ரா என்ற டயர் நிறுவனம் மதுரையில் பிறந்தது. பைக், ஆட்டோவுக்கான டயர்களை அது தயாரித்து வருகிறது. ஒரு காலத்தில் டயர் கிடைக்காமல் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிய ஊரில், இன்று புது டயரே உற்பத்தியாகிறது.

இந்த வாரம் பெட்ரோல் போட நிற்கும்போது இரண்டு நிமிஷம் இறங்கி, நான்கு டயரிலும் அந்த மேட்டையும் நான்கு இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியை மறக்காதீங்க!